கிணற்றடி மண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்பதால்தான். வேறு யாரும் அங்கே குடிவரச் சம்மதிக்கவில்லை. முன்னால் இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் நீளமாக வெறும் தரை, அதன் கோடியில் ஒரு பழைய கிணறு. சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரர் கிணற்றைப் பற்றிக் கதை எதுவும் சொல்லவில்லை. "கைப்பிள்ளைய வச்சிருக்கீங்க, மேல கம்பிவலை போட்டுத் தாரேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடி போட்டும் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன் வேலை. எனக்கும் அதே ஊரில்தான், ஒரு சின்ன சோதனைக்கூடத்தில். சாயப்பட்டறைக் கழிவு, மில் தண்ணீர், கண்மாய்ச் சேறு என்று பாட்டிலிலும் பொட்டலத்திலும் வரும். அதில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டால், மகளை என் கணவரின் அக்கா வந்து பார்த்துக்கொள்வார். மைனிக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. அவருக்காகத்தான் நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம்.

குடிவந்து சில நாளிலேயே பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப்பக்கமிருந்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அந்தக் கெணத்துல முன்ன ஒருத்தி விழுந்து செத்துட்டா. பிள்ளை இல்லாதவ. அதனால சின்னப் பிள்ளைகளக் கண்டா கூப்பிடுவா. ஒங்களுக்கு முன்னால இருந்தவிய பயலையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டா. வெட்டு வந்து கையும் காலும் இழுத்துச் செத்தான். அவன் அப்பனுக்கு ரெண்டு கையும் தொங்கிப்போச்சு. அவன் அம்மா வயித்துல இருந்ததும் தங்கல. பொறவு அவளையே புடிச்சுக்கிட்டு ஆட்டமா ஆட்டுச்சு."

நான் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டதைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். "நீங்க வேதக்காரவிய. ஒங்கள ஒண்ணும் செய்யாது."

என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "வாடகை கொறஞ்சதுக்கு அந்தக் கெணத்துக்காரிக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். நானும் சிரித்தேன். மைனி சிரிக்கவில்லை. மறுநாள் வரும்போது ஒரு பைபிள் வசன அட்டையைக் கொண்டுவந்து பின்வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினார்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. கொஞ்சம் சொற்கள் வந்திருந்தன. அப்பா, தண்ணி, காக்கா, பஸ். பஸ் என்று சொல்லத் தெரிந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் பஸ்தான். அவள் நடக்க ஆரம்பித்ததும் போன முதல் இடம் கிணற்றடி. கிணற்றுக்கு வடபுறம் தரை கொஞ்சம் கறுத்துக் கிடக்கும். அங்கே போய் உட்கார்ந்து மண்ணை விரலால் தொட்டு வாயில் வைப்பாள். மைனி தூக்கிக்கொண்டு வந்து வாயைக் கழுவி விடுவார். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி அங்கே இருப்பாள்.

"வேற எடத்து மண்ணத் தொடவே மாட்டேங்கா" என்றார் மைனி ஒருநாள். "யாரோ கூப்பிட்ட மாதிரி நேரா அங்கதான் ஓடுதா."

மண் தின்னாத பிள்ளை உண்டா என்று நான் சொன்னேன். பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஆனால் சில மாதத்தில் அவள் முகம் வெளுத்தது. சாப்பாட்டைத் தள்ளினாள். வெளிக்கு இருக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அவள் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் காக்கா போனது. பிறகு தண்ணி. தாகம் எடுத்தால் குடத்தைக் காட்டி முனகுவாள். ஒருநாள் மாலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது என்னைப் பார்த்தாள். பஸ் என்று சொல்லவில்லை. பெரிய பிள்ளை ஆகிறாள், அதனால் அழுத்தமாகிவிட்டாள் என்றார் என் கணவர். வந்த பேச்சு திரும்பிப் போகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து மத்தியானம் பின்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது மகள் கிணற்றுச் சுவரில் இரண்டு கையையும் வைத்து, தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். யாரோ பேசுவதைக் கேட்பதுபோல. பிறகு வாயெல்லாம் மண்ணாகச் சிரித்தாள். நான் அறிவியல் படித்தவள். ஆனால் அந்த நேரம் அவளுக்கு எதிரில் ஒருத்தி நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கே இருப்பது தெரிந்தது. கையிலிருந்த சாம்பலோடு ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். அன்று முதல் என் கணவர் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் பின்கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சோதனைக்கூடத்துக்குப் புது மெஷின் வந்தது அந்த சமயத்தில்தான். அதுவரை மண்ணையோ சேற்றையோ கண்ணாடிக் குவளையில் போட்டு, நைட்ரிக் அமிலம் ஊற்றி, சூட்டுத் தட்டில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். ஒருநாள் முழுக்கப் போகும். செம்பழுப்பாகப் புகை கிளம்பி மூக்கை அரிக்கும். விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிவிடும். புது மெஷினைப் பார்த்தால் பணக்கார வீடுகளில் இருப்பதாகக் கேள்விப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பு மாதிரிதான் இருந்தது, கதவு மட்டும் கனம். உள்ளே ஒரு வட்டத் தட்டு. அதில் வெள்ளை டெஃப்லான் குப்பிகளை வரிசையாகச் செருக வேண்டும். ஒவ்வொரு குப்பியிலும் அரை கிராம் மண், அமிலம், மேலே இறுக்கமான மூடி. பொத்தானை அழுத்தினால் தட்டு சுற்றும். மூடிய குப்பிக்குள் அழுத்தம் ஏறி, அமிலம் தன் கொதிநிலைக்கு மேலே சூடாகி, மண்ணோடு ஒட்டியிருக்கும் உலோகத்தையெல்லாம் பத்து நிமிடத்தில் பிடுங்கித் தனக்குள் கொண்டுவந்துவிடும். மண் முழுக்கக் கரையாது. ஆறவைத்துத் திறந்தால் அடியில் வெள்ளை மணல் தங்கியிருக்கும். மேலே உள்ளதை வடிகட்டி, நீர் சேர்த்து, அடுத்த அறையில் இருக்கும் அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவியின் சுடருக்குள் தெளித்தால் எந்த உலோகம் எவ்வளவு என்று முள் காட்டும்.

கூடத்தை நடத்திய சார் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களிடமும் தெலுங்கில்தான் ஆரம்பிப்பார். மெஷினை நம்பலாமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார் அவர். "சுத்தமான மண்ணு எடுத்து, அதுல நாமளே கொஞ்சம் ஈயம் சேப்போம். சேத்த அளவு திரும்ப வருதான்னு பாப்போம். மில்லு பக்கம், ரோட்டுப் பக்கம் இல்லாத மண்ணா வேணும்மா."

"எங்க வீட்டுப் பின்னால நெறைய கெடக்கு சார்" என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். மகள் உட்காரும் இடம்தான் மண்வெட்டி இல்லாமல் கையால் அள்ள வந்தது. காயவைத்து, இடித்து, சலித்து, சில குப்பிகளில் ஈயம் சேர்த்தும், சிலவற்றில் சேர்க்காமலும் வைத்தேன். ஒன்றில் மண்ணே இல்லாமல் வெறும் அமிலம்.

ஈயம் சேர்க்காத குப்பிகளிலேயே, மற்றவற்றில் நான் சேர்த்த அளவைவிடப் பல மடங்கு ஈயம் இருந்தது. முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. நீர் சேர்த்து மெலிதாக்கித் தெளித்தேன். மறுபடி முட்டியது. இன்னும் மெலிதாக்கினேன். வெறும் அமிலக் குப்பியில் மட்டும் ஒன்றும் இல்லை.

சார் வந்து பார்த்தார். "கண்மாய்ச் சேறு அரைச்ச உரல்லயே இதயும் இடிச்சியா?"

"கழுவித்தான் சார் இடிச்சேன்."

"சேலைல, கைல ஒட்டியிருக்கும். இங்கருந்து வீட்டுக்குப் போயி, வீட்டுலருந்து மறுபடி வந்திருக்கும்."

அந்தப் பேச்சு என்னைக் குத்தியது. நானே இங்கிருந்து கொண்டுபோகிறேனா என்று அன்று பஸ்ஸில் வரும்போது என் முந்தானையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் போகுமுன் வாசலிலேயே கை கால் கழுவினேன். மறுநாள் இரண்டு பை கொண்டுபோனேன். ஒன்றில் வீட்டு முன்வாசல் மண், ஒன்றில் கிணற்றடி மண். புது உரல், புதுக் குப்பி. சார் கூடவே நின்றார். தட்டு சுற்றி நின்று, ஆறி, நானே வடிகட்டினேன். இரண்டு குடுவையிலும் இருந்தது ஒரே மாதிரி தெளிந்த தண்ணீர். குடிக்கலாம் போல இருந்தது.

முன்வாசல் மண்ணில் எல்லா ஊர் மண்ணிலும் இருக்கிற கொஞ்சம். கிணற்றடி மண்ணில் முந்தின நாள் வந்தது அப்படியே வந்தது.

சார் சுடரை அணைத்தார். "அந்த மண்ணு பக்கம் யாரும்மா போறா?"

"பாப்பா சார். அதத் திங்கா."

அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு, "பைய அங்க வையி. வீட்டுக்குப் போ. பிள்ளையத் தூக்கிட்டு அங்கருந்து கெளம்பு" என்றார். பஸ்ஸுக்கு நான் நிற்க வேண்டாம் என்று அவரே ஸ்கூட்டரை எடுத்தார்.

அன்று மத்தியானமே மகளை மைனி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதன் பிறகு அவள் அந்தத் தரையை மிதிக்கவில்லை. மதுரையில் ஒரு குழந்தை டாக்டர், நான் கொண்டுபோன மண் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எங்கள் இருவரையும் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். மகளின் உடம்பில் ஈயம் ஏறியிருந்தது. வயிற்று வலியும் வெளுப்பும் பேச்சு போனதும் அதனால்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெட்டு வந்திருக்கும் என்றார். அந்தச் சொல்லை முன்பு கேட்டது பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலிருந்து. என் கணவர் அறையைவிட்டு எழுந்து வெளியே போனார். பிறகு பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். அங்கேயே ஒரு நாள் அவள் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, ரொம்ப யோசித்து, "கா" என்றாள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்க் கேட்டேன். "முன்னால இருந்தவிய என்ன வேலை பாத்தாவ?"

"பழைய பேட்டரி" என்றாள் அவள். "லாரி பேட்டரிய ராஜபாளையத்துலருந்து மொத்தமா வாங்கியாந்து ஒடைப்பாவ. உள்ள இருக்குத தகட்டயெல்லாம் இரும்புச் சட்டில போட்டு உருக்கி, ஈயக் கட்டியாக்கி விப்பாவ. பொகை தாங்காம நாங்க சன்னல அடச்சு வச்சிருப்போம்."

இவ்வளவு நாளும் அவள் என்னிடம் சொன்னதெல்லாம் கிணற்றுக்காரியைப் பற்றித்தான். பேட்டரியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் குடும்பம் மகாராஜபுரத்தில் இருப்பதாக அவளே சொன்னாள். நான் போனேன். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். களத்தில் தேங்காய் உரித்த மட்டையைக் குவித்துக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு மேலே ஒரு இடத்தில் முடி இல்லாமல் வழவழவென்று இருந்தது. பேயோட்ட வந்த கோடாங்கி அந்த முடியைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்து வேரோடு பிய்த்தானாம். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்திருந்தான். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்குக் கீழே கை மட்டும் எழும்பாமல் தொங்கியது.

நான் அந்த வீட்டில் குடியிருந்தவள் என்றதும் அவள் எடுத்த எடுப்பில் கேட்டது, "ஒங்க பிள்ளை இருக்கா?"

இருக்கிறாள் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை என்ன செய்தேன், உள்ளே என்ன இருந்தது, அது உடம்புக்குள் போனால் என்ன செய்யும், அவள் புருஷன் கை ஏன் தொங்கியது, பிள்ளை ஏன் இறந்தது. இதைக் கேட்டால் அவளுக்கு ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். பேயை விரட்டுவதாக அவளை அடித்தவர்கள்மேல்தான் தப்பு, அவள்மேல் எதுவும் ஏறவில்லை என்று சொல்லத்தான்.

அவள் கவனமாகக் கேட்டாள். "அப்ப கெணத்துக்காரி இல்லையா அக்கா?"

"இல்ல. பேட்டரித் தூளுதான்."

"அந்தத் தூள நாந்தான் கூட்டி அள்ளிக் கெணத்தடில கொட்டுவேன்" என்றாள். கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டாள். "வேல பாக்கையில கண்ணு முன்னால இருக்கட்டும்னு, பயலயும் அங்கதான் ஒக்கார வைப்பேன்."

"ஒங்களுக்குத் தெரியாதுல்ல" என்றேன்.

"கெணத்துக்காரி கொண்டுபோயிட்டான்னு நெனச்சப்போ, அவள வைஞ்சுக்கிட்டாவது கெடந்தேன்." அவள் மறுபடி மட்டையைக் குவிக்கத் தொடங்கினாள். அவள் புருஷன்தான் எனக்கு இளநீர் வெட்டித் தரச்சொல்லி யாரையோ கூப்பிட்டான். நான் குடித்துவிட்டு வந்தேன்.

இனி அவளைப் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து சோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் மண்.

"இப்ப இருக்குத வீட்டு மண்ணு" என்றாள். "அது எங்ககூடயே வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அக்கா."

சார் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். மெஷினுக்குள் தட்டு சுற்றுவதை அவள் அசையாமல் பார்த்தாள். "இதுக்குள்ள தீ இல்லையே, எப்படிச் சுடுது?" என்று ஒருமுறை கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று உள்ளே போய்ச் சூடாக்குகிறது என்றேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். மண்ணில் பயப்படும்படி எதுவும் இல்லை. அதைச் சொன்னபோது பையைக் கவிழ்த்து மிச்ச மண்ணை வாசல் செடிக்குப் போட்டாள்.

"அந்த வீட்டுல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள் பிறகு.

அதுதான் என்னை அப்போது தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்த விஷயம். நாங்கள் காலி செய்யும்போதே வீட்டுக்காரரிடம் தாளைக் கொடுத்துச் சொல்லியிருந்தேன். கிணற்றடி மண்ணை ஆழமாக வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், அதுவரை யாரையும் வைக்காதீர்கள் என்று. "ஈயந்தான? தங்கம் கெடைச்சா சொல்லுங்க" என்றார் அவர். உள்ளூரில் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்து, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் அவர்களிடமும் போனேன். அந்த மனிதர் தாளை வாங்கி மரியாதையாகப் படித்தார். "பிள்ளைகள அங்க விடாம பாத்துக்கிடுதோம் மேடம்" என்றார். மறுவாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது சின்னது கிணற்றடியில் கொட்டாங்கச்சியில் மண் அள்ளிச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. மறுபடி சொன்னேன். அந்த அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கும் எழுதிப் போட்டேன். யாரும் வரவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தாள். "என்கூட வாங்க" என்றாள்.

"என்ன சொல்லப் போற?"

"ஈயம்னா யாருக்குப் புரியுது. என்னையப் பேய் புடிச்சவன்னு ஊரே சொல்லுச்சு. இன்னொரு தடவ சொல்லிட்டுப் போகட்டும்."

நான் தடுக்கவில்லை. மத்தியான பஸ்ஸில் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தோம். வழியில் அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மழை இறங்குகிறது, இந்த வருஷம் கண்மாய் பெருகும் என்றெல்லாம் பேசினாள். தெரு முனையில் என்னை நிற்கச் சொன்னாள். கொண்டையை அவிழ்த்தாள். அந்த வழுக்கை இடம் தெரியும்படி முடியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கேட்டைத் திறந்து, பக்கவாட்டில் இருந்த சந்து வழியாகப் பின்னால் போனாள். நான் சந்து வாசலில் நின்றேன்.

அவள் கிணற்றடியில் அந்தக் கறுத்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளைகளின் அம்மா வெளியே வந்து, "யாரும்மா நீ?" என்று கேட்டாள். இவள் அவளைப் பார்க்கவில்லை. தரையைத் தட்டி, "வா, இங்க வா" என்றாள். "அம்மா வந்துட்டேன். வா." சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. "ஐயோ, அவதான், முன்னால இருந்த பேய் புடிச்சவ" என்று பிள்ளைகளின் அம்மாவுக்குச் சொன்னாள். அந்த அம்மா இரண்டு பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள்.

வந்த வேலை முடிந்துவிட்டது. அவள் எழுந்து வருவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "பசிக்குதாய்யா" என்று கேட்டாள். பதில் வருவதற்கு இடம் விட்டாள். பிறகு வேறு ஏதோ கேட்டு, அதற்கும் இடம் விட்டாள். எதுவரை அவள் நடித்தாள், எங்கே அது முடிந்தது என்று அப்போதும் பிடிபடவில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போய் அவள் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். அப்புறம் தெரிந்தது. முந்தானையால் கையிலிருந்த மண்ணைத் துடைக்கப் போனவள், நிறுத்தி, "இதக் கழுவணும்ல" என்றாள். தெருக் குழாயில் நான் தண்ணீர் அடிக்க, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அந்தக் குடும்பம் அந்த வாரமே காலி செய்துவிட்டது. கொடுத்த முன்பணத்தைக்கூட நின்று கேட்கவில்லை என்றார்கள். வீட்டுக்காரர் மைனி வீட்டுக்கு வந்து, நான்தான் ஆளை ஏவிவிட்டேன் என்று சத்தம் போட்டார். என் கணவர் அவரை வெளியே அனுப்பினார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. சந்தில் எருக்கு முளைத்து, பின்தரை முழுக்கக் காடாகிவிட்டது. ஒருமுறை வாடகைக்கு வீடு தேடி வந்த ஒருவர், சர்ச் வாசலில் என்னிடம், "அந்த வீட்டுல பேய் இருக்குன்னு சொல்லுதாவளே, நெசமா? நீங்க இருந்தீங்கள்ல?" என்று கேட்டார். "இருக்கு. போகாதீங்க" என்றேன்.

மகளுக்குப் பேச்சு திரும்பியது. மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகப் பள்ளிக்கூடம் சேர்த்தோம். கணக்கு ஏறவில்லை, பாட்டு நன்றாக வந்தது. கணக்கு ஏறாதது அந்த மண்ணாலா, இல்லை இயல்பே அப்படியா என்று டாக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, ஆடிப்பூரத் தேர் அன்று, ரத வீதியில் கூட்டத்துக்குள் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. புருஷன் பின்னால் நின்றான். ஒரு கையில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது, குழந்தையின் செருப்பை விரலில் மாட்டித் தொங்கவிட்டிருந்தான். நான் குழந்தையை வாங்கி, என்னையறியாமல் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. அவள் சிரித்தாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க அக்கா. மண்ணுல விடுததே இல்ல இவள."

தேர் நகரும் சத்தம் கேட்டு எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் திரும்பாமல் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். "ஒங்ககிட்டத்தான் கேக்க முடியும். பேய் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியுது. நீங்க சொன்னது அம்புட்டும் புரியுது. ஆனாலும் என் பய கூப்பிடுதான் அக்கா. மத்தியானத்துல, ஆள் இல்லாதப்போ. நான் என்ன செய்ய?"

கூட்டம் நெருக்கியது. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தேர் எங்களைத் தாண்டிப் போகும்வரை அங்கேயே நின்றேன்.